எடை கூடிய குழந்தைக்கு ஓட்டமும் தாவலும் ஏன் சிரமமாகிறது?

கேள்வி இது: நாலு வயதுக் குழந்தை, வயதுக்குச் சற்று எடை கூடுதல். ஒற்றைக்காலில் நிற்கத் தடுமாறுகிறது, நொண்டியடிக்க வரவில்லை, ஓடினால் மற்ற பிள்ளைகளுக்குப் பின்தங்கிவிடுகிறது. இதற்கு எடைதான் காரணமா? எடை குறைந்தால் தானாகச் சரியாகிவிடுமா?

எடைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் இந்த வயதில் அந்தப் பங்கு பலர் நினைப்பதைவிடச் சிறியது, எல்லாத் திறன்களிலும் ஒரே அளவில் தெரிவதும் இல்லை. எடை குறைந்தால் திறன் தானாக வந்துவிடாது. நொண்டியடிக்கக் கற்காத குழந்தை மெலிந்த பிறகும் நொண்டியடிக்கத் தெரியாமல்தான் இருக்கும். அதனால் எடை குறையட்டும் என்று காத்திருக்காமல், திறனை இப்போதே கற்றுக்கொடுக்கத் தொடங்குவது நல்லது. ஏன் அப்படி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் "எடை கூடுதல்" என்பதைச் சரியாக அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் தவறிப்போகும். குழந்தையை மெல்லிய உடையில், செருப்பில்லாமல், 100 கிராம் துல்லியம் உள்ள எடைக்கருவியில் நிறுத்துங்கள். உயரம் அளக்கும்போது குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் சுவரில் படவேண்டும். பார்வை நேராக இருக்கவேண்டும். தட்டையான பலகை ஒன்றைத் தலைமேல் அழுத்தி வைத்து அளக்கவேண்டும். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். உயரத்தில் வரும் பிழைதான் கணக்கை அதிகம் கெடுக்கிறது. 18 கிலோ எடையும் 102 செ.மீ. உயரமும் உள்ள குழந்தைக்குப் பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 17.3. அதே குழந்தையை 101 என்று அளந்தால் 17.6, 103 என்று அளந்தால் 17.0. ஒரு சென்டிமீட்டர் பிழைக்கு இவ்வளவு நகர்கிறது.

17.3 என்றால் என்ன? பெரியவர்களுக்கான 25, 30 என்ற எல்லைகள் குழந்தைகளுக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவீட்டின்படி, சரியாக 4 வயது நிரம்பிய ஆண் குழந்தையின் நடு அளவு 15.3. ஒரு திட்ட விலக்கம் (நடு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் அலகு) மேலே 16.7, இரண்டு மேலே 18.2, மூன்று மேலே 19.9. ஐந்து வயதுக்குக் கீழே இரண்டைத் தாண்டினால்தான் மிகை எடை, மூன்றைத் தாண்டினால் உடல்பருமன். ஆக 17.3 என்பது கவனிக்கவேண்டிய நிலை, அவ்வளவுதான். ஐந்து வயதுக்கு மேல் எல்லைகள் மாறுகின்றன: அங்கே ஒரு திட்ட விலக்கத்தைத் தாண்டினாலே மிகை எடை, இரண்டைத் தாண்டினால் உடல்பருமன். நாலே முக்கால் வயதில் "பரவாயில்லை" என்று கேட்ட பெற்றோர் ஐந்தே கால் வயதில் "மிகை எடை" என்று கேட்டுத் திகைப்பது இதனால்தான். குழந்தை மாறவில்லை, அட்டவணைதான் மாறியது.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. முதல் வயதில் ஏறி, பிறகு ஐந்தாறு வயது வரை மெல்ல இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறுவதுதான் இயல்பு. மற்ற பிள்ளைகளுக்கு இறங்கிக்கொண்டிருக்கும் மூன்று, நாலு வயதிலேயே ஒரு குழந்தைக்கு ஏறத் தொடங்கினால், பின்னாளில் உடல்பருமன் வரும் வாய்ப்பு கூடுதல். ஒற்றை அளவைவிட, ஆறு மாத இடைவெளியில் எடுத்த மூன்று நான்கு அளவுகளின் போக்கு அதிகம் சொல்லும்.

இனி, பலரும் தவறவிடும் இடம். பி.எம்.ஐ. கொழுப்பை அளப்பதில்லை. கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் சேர்ந்த மொத்த எடையை உயரத்தோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. இயக்கத் திறனைப் பொறுத்தவரை கொழுப்பும் தசையும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன: தசை குழந்தையை நகர்த்துகிறது, கொழுப்பு நகர்த்தவேண்டிய சுமையைக் கூட்டுகிறது. ஒரே பி.எம்.ஐ. கொண்ட இரண்டு குழந்தைகளில் ஒன்று திடமான தசையோடு நன்றாகத் தாவும், இன்னொன்று தடுமாறும். மழலை வயதுக் குழந்தைகளில் பி.எம்.ஐ.-ஐ மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் சில "தொடர்பு உண்டு" என்றும், சில "இல்லை" என்றும் முடிவு சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. இரண்டு எதிர் விளைவுகள் ஒரே எண்ணுக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கொழுப்பையும் கொழுப்பற்ற நிறையையும் தனித்தனியே அளந்தால் படம் தெளிவாகிறது. கொழுப்பு கூடியவர்களுக்கு ஓட்டம், நீளம் தாண்டுதல், விரைந்து திரும்புதல் ஆகியவை குறைகின்றன. கொழுப்பற்ற நிறை கூடியவர்களுக்குக் கைப்பிடி வலுவும் தாண்டும் தூரமும் கூடுகின்றன.

வீட்டில் கொழுப்பை அளக்க முயலவேண்டாம். கால்வழியே சிறு மின்சாரம் செலுத்திக் கொழுப்புச் சதவீதம் காட்டும் எடைக்கருவிகள் இந்த வயதுக்கு நம்பத்தக்கவை அல்ல. குழந்தை தண்ணீர் குடித்ததா, சிறுநீர் கழித்ததா என்பதற்கெல்லாம் எண் மாறும். ஆய்வுக்கூடங்களில் டெக்ஸா ஸ்கேனும் (கொழுப்பு, தசை, எலும்பைப் பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே), காற்றின் இடப்பெயர்ச்சியை அளக்கும் கூண்டும் பயன்படுகின்றன. மருத்துவமனையில் கையின் பின்புறமும் தோள்பட்டை எலும்புக்குக் கீழும் தோல்மடிப்புத் தடிமனை அளக்கலாம். அதற்குப் பழகிய கை வேண்டும்.

அடுத்து, எந்தத் திறன் பாதிக்கப்படுகிறது என்பது. "இயக்கத் திறன்" என்று ஒரே பொருளாகப் பேசினால் குழப்பமே மிஞ்சும். இடம்பெயரும் திறன்கள் ஒரு வகை: ஓட்டம், தாவல், நொண்டியடித்தல், பக்கவாட்டில் ஓடுதல். பந்தைக் கையாளும் திறன்கள் இன்னொரு வகை: எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல். சமநிலை மூன்றாவது. உடல் எடையை மண்ணிலிருந்து தூக்கவேண்டிய இடத்தில்தான் கொழுப்பின் விளைவு அதிகம். பந்துத் திறன்களில் பெரும்பாலும் தொடர்பே தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2004-இல் வெளியான ஆய்வும் இடம்பெயரும் திறன்களில்தான் எடையோடு தெளிவான தொடர்பைக் கண்டது. உங்களுக்கு இது நல்ல செய்தி. குழந்தைக்கு வெற்றி உணர்வு முதலில் கிடைக்கவேண்டிய இடம் பந்து விளையாட்டு.

நொண்டியடிப்பதை எடுத்துக்கொண்டால் காரணம் புரியும். முழு எடையையும் ஒரே கால் தாங்கி, மடங்கி, உந்தி, மறுபடி அதே காலில் இறங்கவேண்டும். இறங்கும் கணத்தில் பாதம் வாங்கும் விசை உடல் எடையைவிடப் பல மடங்கு. கால் தசையின் வலு எடைக்கு ஈடாக இல்லையென்றால் குழந்தை முழங்காலை மடக்காமல் விறைப்பாக, பாதம் முழுவதும் பட்டென்று விழ இறங்கும். அடுத்த துள்ளலுக்கு உந்து கிடைக்காது. தொடையும் கையும் கனமாக இருந்தால் அவற்றை வீசித் திருப்புவதற்கே கூடுதல் விசை வேண்டும். எடை கூடிய பிள்ளைகள் நடக்கும்போது இரு பாதமும் ஒருசேரத் தரையில் இருக்கும் நேரத்தை நீட்டிக்கொள்கிறார்கள், கால்களை அகட்டி வைக்கிறார்கள். அது சோம்பல் இல்லை. விழாமல் இருக்க உடல் கண்டுபிடித்த வழி.

எடையைத் தூக்கவேண்டியதால் மட்டுமே இதெல்லாம் என்று நினைத்தால் அதுவும் முழுமையாகாது. பெல்ஜிய ஆய்வாளர் டி'ஹோன்ட்டும் குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பருமனான பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து முளைகளைத் துளைகளில் செருகும் வேலையிலும் மெதுவாக இருந்தார்கள். அங்கே தூக்கவேண்டிய உடல் எடையே இல்லை. உணர்ந்து திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டிலும், கிடைத்த பழக்கத்தின் அளவிலும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று. அதனால்தான் எடையைக் குறைப்பது மட்டும் தீர்வாகாது என்கிறேன்.

தட்டைப் பாதத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் பலரும் தடுமாற்றத்துக்கு அதைக் காரணம் காட்டிச் சிறப்புக் காலணி வாங்குகிறார்கள். ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையிலான 835 குழந்தைகளிடம் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், 3 வயதில் 54 சதவீதம் பேருக்கும் 6 வயதில் 24 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளிடம் அது அதிகம். நோயாகக் கருதத்தக்கவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வலி இல்லை, பாதம் இளக்கமாக இருக்கிறது, நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிகிறது என்றால் காலணிக்குச் செலவழிக்க அவசியம் இல்லை.

எப்போது தொடங்குகிறது இந்தத் தொடர்பு? கைக்குழந்தைப் பருவத்திலேயே சுவடு தெரிகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 3 முதல் 18 மாத வயது வரை குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், எடை கூடுதலாக இருந்த குழந்தைகளுக்கு இயக்க வளர்ச்சி பின்தங்கும் வாய்ப்பு சுமார் 1.8 மடங்கும், தோலுக்கடியில் கொழுப்பு மிகுந்தவர்களுக்குச் சுமார் 2.3 மடங்கும் இருந்தது. பயப்படவேண்டாம், இயல்பான இடைவெளியே பெரியது. துணையில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்பு என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு சொல்கிறது. மூன்று முதல் ஐந்து வயதில் இந்தத் தொடர்பு மெலிந்தே தெரிகிறது. ஏழு, எட்டு வயதுக்கு மேல் இறுகுகிறது.

அது ஏன் இறுகுகிறது என்பதற்கு ஸ்டாடனும் சக ஆய்வாளர்களும் 2008-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. திறன் குறைந்த குழந்தை விளையாட்டில் ஒதுங்குகிறது, ஒதுங்கினால் பழக்கமும் உடல் தாங்குதிறனும் குறைகின்றன, எடை கூடுகிறது, கூடிய எடை திறனை இன்னும் குறைக்கிறது. எது முதல் என்று கேட்டால், இரண்டு திசையிலும் ஓடுகிறது என்பதே விடை. டி'ஹோன்ட் குழு ஃபிளெமிஷ் பிள்ளைகளை (டச்சு மொழி பேசும் பெல்ஜியப் பிள்ளைகளை) இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதை இரு பக்கமும் கண்டது: தொடக்கத்தில் பி.எம்.ஐ. கூடியவர்களின் ஒருங்கிணைப்புத் திறன் பின்னர் குறைவாக வளர்ந்தது. தொடக்கத்தில் ஒருங்கிணைப்புக் குறைந்தவர்களின் பி.எம்.ஐ. பின்னர் கூடுதலாக ஏறியது.

இதில் நாலு வயதுக்கு ஒரு பெரிய வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. இந்த வயதுக் குழந்தைக்குத் தன் திறனைச் சரியாக எடைபோடத் தெரியாது. பத்து முறை பந்தைத் தவறவிட்டாலும் "எனக்கு நல்லா பிடிக்க வரும்" என்று சொல்லும். ஏழு, எட்டு வயதில் மற்றவர்களோடு ஒப்பிடக் கற்றுக்கொண்டதும் அந்தத் துணிச்சல் போய்விடுகிறது. தெரியாததைச் செய்து காட்ட வெட்கப்படுகிறது. தோல்வியைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப முயலும் இந்தச் சில ஆண்டுகளை வீணடிக்கக்கூடாது. "நீ குண்டு, உனக்கு வராது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், ஒதுங்கல் நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். வேடிக்கையாகக்கூட யாரையும் சொல்லவிடாதீர்கள்.

கற்றுக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளவேண்டும். கிளாஸ்கோவில் 36 மழலையர் பள்ளிகளில், வாரம் மூன்று முறை 30 நிமிடம் என்று 24 வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. பி.எம்.ஐ. மாறவில்லை. இயக்கத் திறன் கூடியது. சுவிட்சர்லாந்தில் 40 மழலை வகுப்புகளில் வாரம் நான்கு முறை 45 நிமிடம் பயிற்சியோடு, உணவு, தூக்கம், திரை நேரம் பற்றிய வழிகாட்டலும் சேர்த்து நடத்திய பல்லபெய்னா ஆய்விலும் (2011) பி.எம்.ஐ. மாறவில்லை, ஆனால் உடற்கொழுப்பும் இடுப்பளவும் சற்றுக் குறைந்தன, ஓட்டத் தாங்குதிறனும் சுறுசுறுப்பும் கூடின. எடைக்கருவியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு முயற்சியும் தோல்வி என்று மூட்டை கட்டியிருப்பார்கள்.

சரி, என்ன செய்வது? "வெளியே விட்டால் தானே ஓடியாடிக் கற்றுக்கொள்ளும்" என்பது பாதிதான் உண்மை. ஓடியாட இடம் தருவது அவசியம்: 3, 4 வயதில் நாளெல்லாம் பரவலாக 180 நிமிடம் உடலியக்கமும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. ஆனால் திறன் குறைந்த குழந்தை தன்னிஷ்டமாக விளையாடும்போது தெரிந்ததையே செய்யும், தெரியாததைத் தொடாது. அதனால் தினமும் 10, 15 நிமிடம் ஒன்றிரண்டு திறன்களைக் குறிவைத்துப் பழக்கவேண்டும்.

நொண்டியடிக்க வரிசை இது. முதலில் 10, 15 செ.மீ. உயரப் படியிலிருந்து இரு காலாலும் கீழே குதித்து, முழங்காலை மடக்கிச் சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள். "பூனை மாதிரி இறங்கு" என்று சொன்னால் போதும்; "முழங்காலை மடக்கு" என்பதைவிட இது வேலை செய்யும். அடுத்து, தரையில் வரைந்த கோட்டை இரு காலாலும் தாண்டுவது. கூடவே, சுவரில் ஒரு விரல் வைத்து ஒற்றைக்காலில் நிற்பது. மூன்று நொடி வந்ததும் விரலை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் வந்தபின், இரு கையையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் ஒரு துள்ளல், பிறகு ஒரு கை, பிறகு கைவிட்டு. ஒரு தடவைக்கு மூன்று துள்ளலுக்கு மேல் வேண்டாம். இடையில் ஓய்வு கொடுத்து ஐந்தாறு தடவை செய்யலாம். எடை கூடிய குழந்தை களைத்தபின் துள்ளினால் விறைப்பான இறக்கத்தையே பழகிக்கொள்ளும். துள்ளல் உயராமல் நின்றுவிட்டால், தூக்கியிருக்கும் காலைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதை முன்னால் நீட்டி அசைக்காமல் வைத்திருக்கும். அந்தக் கால் உடலுக்குப் பின்னே மடங்கி முன்னும் பின்னும் ஊசலாடினால்தான் உந்து கிடைக்கும். புல், பாய் போன்ற மெத்தென்ற தரையில், வெறுங்காலோடு செய்யலாம். நாலு வயதில் இரண்டொரு துள்ளல் வந்தாலே நல்லது. ஐந்து வயதுக்குள் வந்துவிடவேண்டும்.

பிடிப்பதற்கு, 20 செ.மீ. குறுக்களவுள்ள மென்மையான பந்தைக் காற்றைச் சற்று இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், துள்ளி ஓடாது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, தரையில் ஒருமுறை பட்டு எழும்பிக் குழந்தையின் வயிற்றுக்கு வரும்படி போடுங்கள். தலையைத் திருப்பிக் கண்ணை மூடினால் பந்து கடினம் அல்லது வேகம் அதிகம் என்று பொருள். எறியும்போது பெரும்பாலான குழந்தைகள் எறியும் கைப்பக்கத்துக் காலையே முன்வைக்கும். எதிர்க்காலுக்குத் தரையில் ஒரு பாதக்குறி வரைந்துவையுங்கள். இலக்கைக் காட்டாதீர்கள், "எவ்வளவு பலமாக முடியுமோ சுவரில் எறி" என்று சொல்லுங்கள். இலக்கு வைத்தால் குழந்தை உடலைச் சுருக்கிக் கையை மட்டும் ஆட்டும், பலமாக எறியச் சொன்னால் இடுப்பும் தோளும் தானாகத் திரும்பும்.

ஓட்டத்தை நீட்டாதீர்கள். இந்த வயதுக் குழந்தைகள் இயல்பாகவே சில நொடி வேகம், சற்று நேரம் ஓய்வு என்றுதான் அசைகின்றன. ஐந்து முதல் பத்து நொடி ஓட்டங்கள் போதும். அவுட் ஆனவர் ஓரத்தில் உட்காரும் ஆட்டங்களைத் தவிருங்கள்; அதிகப் பழக்கம் தேவைப்படும் குழந்தைதான் முதலில் உட்காரும். தண்ணீரில் விளையாடுவதும் பெடல் இல்லாத சமநிலைச் சைக்கிளும் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால் இந்தக் குழந்தைகளுக்குத் தோதானவை.

உணவில் பட்டினி, கணக்குப் பார்த்துக் குறைத்தல் எதுவும் வேண்டாம். வளரும் குழந்தைக்கு எடை ஏறும் வேகம் மட்டுப்பட்டாலே, உயரம் கூடக் கூடப் பி.எம்.ஐ. இறங்கும். இனிப்புப் பானங்களை நிறுத்துவதும், 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், திரையை ஒரு மணி நேரத்துக்குள் வைப்பதும் முதல் வேலை. கடுமையாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். நமக்கு வேண்டியது தசை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள், எல்லாம் வெறுங்காலோடு: ஒவ்வொரு காலிலும் நிற்கும் நொடிகள், நின்ற இடத்திலிருந்து தாண்டும் தூரம் (தொடக்கக் கோட்டிலிருந்து பின்னால் உள்ள குதிகால் வரை), ஒவ்வொரு காலிலும் தொடர்ந்து வரும் துள்ளல்கள், 2 மீட்டரிலிருந்து போட்ட ஐந்து பந்தில் பிடித்தவை. முதல் மூன்றிலும் மூன்று முயற்சி கொடுத்துச் சிறந்ததை எழுதுங்கள். அதோடு எப்படிச் செய்தது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்: கை வீசியதா, முழங்கால் மடங்கியதா. எடையும் சேர்ந்து ஏறும் மாதங்களில் தூரம் அப்படியே நிற்கலாம், முறை முன்னேறியிருக்கும்.

எல்லாத் தடுமாற்றத்தையும் எடைமேல் போட்டுவிடுவது ஆபத்தும்கூட. பந்து பிடித்தல், மணி கோர்த்தல், பொத்தான் போடுதல் ஆகியவையும் சேர்ந்து பின்தங்கினால் அது எடைக் கதை மட்டும் அல்ல. வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு (கை கால் அசைவுகளை ஒன்றிணைத்துச் செய்வதில் வரும் சிரமம்) நூற்றில் 5, 6 குழந்தைகளுக்கு இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் எடை கூடும் வாய்ப்பும் அதிகம். பொதுவாக ஐந்து வயதுக்கு முன் அதை உறுதிசெய்வதில்லை, ஆனால் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டிப் பயிற்சியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பார்வைப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள்: முன்பு வந்த திறன் இப்போது வராமல் போவது, ஒரு பக்கம் மட்டும் பலவீனம், நொண்டி நடப்பது, கால்வலி, எப்போதும் நுனிக்கால் நடை, தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஏறி எழுவது, அதோடு கெண்டைக்கால் பருத்திருப்பது (இது தசைச் சிதைவு நோயின் அடையாளமாக இருக்கலாம்), எடை ஏறிக்கொண்டே உயர வளர்ச்சி மட்டும் நின்றுபோவது (அங்கே தைராய்டு முதலான சுரப்பிகளைப் பார்க்கவேண்டும்), கைக்குழந்தைப் பருவத்தில் துவண்டு, பால் குடிக்கத் திணறி, பின்னர் அடங்காத பசி எடுப்பது (இதற்கு மரபணுப் பரிசோதனை தேவை). போகும்போது மூன்று மாதக் குறிப்பையும், குழந்தை ஓடுவதையும் தரையிலிருந்து எழுவதையும் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். மருத்துவமனை அறையில் பல குழந்தைகள் அசையாமல் நின்றுவிடும்.